நிமிராத முழங்கை

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் காப்பிக்கடைக்குப் போனால் இன்றைக்கும் இரண்டொரு பழைய ஆட்கள் என்னைப் பார்த்ததும், "எறிகாரன் வர்றான்பா, நாற்காலிய இழுத்துப் போடு" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்காருவேன். கேலிதான், மனதில் வைத்துக்கொண்டு சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போது சட்டையின் வலது கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொள்வேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அது போகவில்லை.

போன மாதம் ஒரு கிரிக்கெட் கிளப்பிலிருந்து சில பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம், ஐம்பது அறுபதுகளில் விளையாடியவர்கள் எழுத வேண்டுமாம்.

"அங்கிள், உங்க டைம்ல என்ன ஸ்பீட் போடுவீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"யார் அளந்தா? பேட்ஸ்மன் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றேன்.

அவன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். பந்து வீசுகிறவனின் முழங்கை எவ்வளவு மடங்கி எவ்வளவு நிமிர்கிறது என்று கேமராவை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாம். "கொஞ்சம் பெண்ட் ஆனா அலவுட் லா அங்கிள். டவுட் இருந்தா லேப்ல டெஸ்ட் பண்ணி கிளியர் பண்ணிடுவாங்க."

கொஞ்சம் மடங்கினால் பரவாயில்லையாம். பிள்ளைகள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலரில் என்ன எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வேகப்பந்து வீச்சாளன் பயந்தாங்கொள்ளியாக இருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எதிரே நிற்பவன் என் பந்துக்குப் பயந்தான், நான் மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன். மழைக்கு, ஃபோர்மனுக்கு, வீட்டுக்காரனுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக என் வலது கைக்கு.

ஜப்பான்காரன் காலத்தில் நான் சின்னப் பையன். அரிசி மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து வலது முழங்கை உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலமா அது? யாரோ ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்தது, ஆனால் கை முழுசாக நிமிரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை என் வலது கை கொஞ்சம் மடங்கியேதான் இருக்கிறது. இரும்புக் கம்பியால் நெம்பினாலும் நிமிராது. அதனால் எந்த வேலைக்கும் குறைச்சல் இல்லை. சுத்தியல் பிடிப்பேன், மூட்டை தூக்குவேன். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். அதற்காக எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவேன்.

பந்து பிடிக்கக் கற்றதெல்லாம் ஃபேரர் பார்க் திடலில்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆட வந்தவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டேன், பிறகு வீசிப் பார்த்தேன், வேகமாகப் போயிற்று. அவ்வளவுதான் என் பயிற்சி. அந்த மடங்கிய கையால்தானோ என்னவோ, என் பந்து பாயில் பட்டதும் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பாய் என்றால் படுக்கிற பாய் இல்லை. இங்கே அப்போது பெரும்பாலும் தேங்காய் நாரில் பின்னிய நீளமான பாயை விரித்துத்தான் ஆடினோம்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் வீசுவதைக் கனகசபை சார் நின்று பார்த்திருக்கிறார்.

அவர் நான் பிறகு வேலை பார்த்த அரசாங்க டிபார்ட்மெண்ட் பட்டறையின் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கேதான். டிபார்ட்மெண்ட் கிரிக்கெட் அணிக்கும் அவர்தான் கேப்டன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு அணி இருந்தது. நல்ல ஆட்டக்காரனைக் கண்டால் ஏதாவது ஒரு வேலை கொடுத்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பெயருக்கு ஃபிட்டரின் உதவியாள், உண்மையில் சனிக்கிழமை பந்து வீசுவதற்குத்தான் சம்பளம். இப்போதைய பிள்ளைகள் 'புரொஃபஷனல்' என்கிறார்களே, நான் அப்படிப்பட்ட புரொஃபஷனல். சனிக்கிழமை விக்கெட் எடுத்தால் திங்கட்கிழமை ஃபோர்மன் எண்ணெய் போடுகிற வேலை கொடுப்பார். எடுக்காவிட்டால் பெரிய சுத்தியல். அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுதும் எனக்கு ஒரு கவலை ஓடிக்கொண்டே இருக்கும்.

கனகசபை சாரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. உயரமான மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆட்டத்தன்று எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். பாயை விரிக்கும்போது இந்த முனையில் நான்கு பேர், அந்த முனையில் நான்கு பேர் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த இழுப்பு விடாமல் ஓரம் முழுவதும் இரும்பு ஆணி அடிக்க வேண்டும். பாய் தளர்ந்திருந்தால் ஒரு பந்து கணுக்காலுக்கு வரும், அடுத்தது தாடைக்கு வரும். ஆணி அடித்து முடித்ததும் சார் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பாயின் மேல் மெதுவாக நடப்பார். எங்கேயாவது சுருக்கம் காலில் தட்டினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாங்கள் ஆணியைப் பிடுங்கி மறுபடி இழுத்து அடிக்கும்வரை அங்கேயே நிற்பார்.

புதுப் பந்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். அதை என் கையில் கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். என் பந்தை யாராவது வெளுத்து வாங்கினால் பக்கத்தில் வந்து, "காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்பார். நான் இட்டலி என்பேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வரும்.

பொய் சொல்ல மாட்டார், யாராவது சொன்னாலும் பொறுக்க மாட்டார். ஒருமுறை அவர் மட்டையில் பந்து லேசாக உரசிக் கீப்பர் கைக்குப் போனது. நடுவர் அவுட் கொடுக்கவில்லை, எதிரணிக்காரனே கேட்கவில்லை. இவர் பாட்டுக்கு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடாரத்தைப் பார்த்து நடந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. சிராங்கூன் ரோட்டுப் பக்கச் சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில், பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் நானும் சரோஜாவும் இருந்தோம். ஒரு குழாயடி, ஒரு அடுப்படி, அதில் ஆறு குடும்பம். பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் எங்கள் குழந்தை எழுந்துகொள்ளும்.

வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த சமயம் அது. என்னைப் போன்ற தினக்கூலி ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், சிலரை மட்டும் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நிரந்தரமானால் பென்ஷன், அதோடு குவார்ட்டர்ஸ். செங்கல் சுவர், சொந்த அடுப்படி, சொந்தக் குழாய். சரோஜா அந்தக் குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். "ஜன்னல் ரெண்டு இருக்குங்க. ரெண்டும் தொறக்குது" என்றாள். அதைச் சொல்லும்போது இரண்டு கையாலும் ஜன்னலைத் தள்ளித் திறப்பது போலக் காட்டினாள்.

கனகசபை சார் என் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார். மிச்சம் இருந்தது டாக்டர் சோதனை மட்டும்தான்.

அங்கேதான் வந்தது வினை. எங்களுக்கு முன்னால் சோதனைக்குப் போன முதல் தொகுதியில் மரியதாஸ் என்று ஒருவர். லேத் மெஷினில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எப்போதோ இடது கையில் ஒரு விரலின் நுனி போயிருந்தது. டாக்டர் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார், தகுதியில்லை என்று எழுதிவிட்டார். மாசக் கடைசியில் மரியதாஸை நிறுத்திவிட்டார்கள். பட்டறையே கனகசபை சாரிடம் போய்க் கெஞ்சியது. அவர் தலையைக் குனிந்தபடி, "விதி எண்டால் விதிதான். நான் ஒருத்தருக்கு வளைச்சால் எல்லாருக்கும் வளைக்க வேணும்" என்றார். அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை என்று பியூன் சொன்னான். ஆனாலும் மரியதாஸ் போனது போனதுதான். பிறகு அவரைப் பார்த்தபோது யாருடைய காரையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

விரல் நுனிக்கே இந்தக் கதி என்றால் முழங்கைக்கு? கைகளை நீட்டு என்று டாக்டர் சொன்னால் நான் எதை நீட்டுவது? எனக்குத் தூக்கம் போயிற்று. குளிக்கும்போது சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். வலித்ததே தவிர ஒரு நூல்கூட நிமிரவில்லை.

அதே நேரத்தில் இன்னொரு பக்கமும் தீப்பிடித்தது. வெளிநாடுகளில் சில பந்துவீச்சாளர்கள் பந்தை வீசவில்லை, எறிகிறார்கள் என்று அப்போது பத்திரிகையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து வீசும்போது மடங்கிய முழங்கையைச் சட்டென்று நிமிர்த்தி விட்டால் அது எறிதல். கல்லை விட்டெறிவது மாதிரி. அது ஏமாற்று. நடுவர் கையை நீட்டி 'நோ-பால்' என்று கத்துவார். ஆனால் முழங்கை மடங்கியது மடங்கியபடியே இருந்தால் அது எறிதல் ஆகாது. என்னுடையது அப்படித்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு, அதுவும் முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் கையைப் பார்ப்பவனுக்கு, வித்தியாசம் எப்படித் தெரியும்?

அந்த வருஷத்து டிபார்ட்மெண்ட் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோத வேண்டிய அணி, மாணிக்கம் எறிகிறான் என்று புகார் கொடுத்தது. மாணிக்கம் என்பது நான்தான். கனகசபை சார் புகாரை விசாரித்த கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று சொன்னாராம்: "என்ர பந்துவீச்சாளன் எறியிறவன் இல்லை. இதுக்கு நான் பொறுப்பு." அவர் சொன்னதால் புகாரை அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவர் தம் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். "மாணிக்கம், நான் உம்மை ஒரு கேள்வியும் கேக்கமாட்டன். நீர் எறியிறேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். அதோடு என்னை அனுப்பிவிட்டார்.

கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் நான் சட்டையைச் சுருட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் மரியதாஸுக்கு வளையாத மனிதர் எனக்காக வளைவாரா? தெரிந்த பிறகு டாக்டரிடம் மறைக்க அவருக்கு மனம் வருமா? கேள்வி வராததால் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது புரிகிறதா என் நிலைமை? நடுவரிடம் நான் யோக்கியன் என்று காட்ட வேண்டுமானால் என் கை நிமிராது என்று காட்ட வேண்டும். டாக்டரிடம் நான் தகுதியானவன் என்று காட்ட வேண்டுமானால் என் கை நன்றாக நிமிரும் என்று காட்ட வேண்டும். ஒரே கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆட்டம் சனிக்கிழமை, டாக்டர் சோதனை அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. சோதனை அவசரத்தில் டாக்டர் என் முழங்கையைக் கவனிக்காமல் விட்டாலும் விடலாம் என்ற நப்பாசை ஒன்றுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் சரோஜா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைக்கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு அந்த டாக்டர் வருவாரா?"

"டிபார்ட்மெண்ட் ஃபைனல். பெரிய ஆளுங்க எல்லாரும் வருவாங்க. அவருக்குக் கிரிக்கெட்டுன்னா உசுரு."

"அப்ப நீங்க கையக் காட்டுனீங்கன்னா அவரும் பார்ப்பாரு."

"பார்ப்பாரு."

இன்னொரு மீனை எடுத்துத் தேய்த்தாள். "உங்கள எறிகாரன்னு சொல்லிட்டா என்னங்க ஆகும்? ஜெயில்ல போடுவாங்களா?"

"ஜெயில் இல்ல. இனிமே யாரும் பந்து குடுக்க மாட்டாங்க. ஏமாத்துக்காரன்னு பேரு நிக்கும்."

"பேரு..." என்று இழுத்தாள். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல. உங்க இஷ்டம்" என்று திரும்பிக்கொண்டாள். அவள் அப்படிச் சொன்னால் எல்லாம் சொல்லியாயிற்று என்று பொருள்.

சனிக்கிழமை வந்தது. நல்ல வெயில். பாய் விரித்து, இழுத்து, ஆணி அடித்து, சார் காலுறையோடு நடந்து பார்த்தாயிற்று. கூடாரத்தில் எங்களைச் சோதிக்கப்போகிற டாக்டர் நாயர் வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தண்ணீர் குடித்தாலும் என்னைப் பார்த்துத்தான் குடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைய நடுவர் மிஸ்டர் பெரேரா, வெள்ளைக்கார, ஆசிய வம்சம் கலந்த யூரேஷியர். கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். ஆட்டம் தொடங்குமுன் அவர் இரண்டு கேப்டன்களையும் கூடாரத்து வாசலுக்கு அழைத்தார், என்னையும் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"பிறவியிலோ அடிபட்டோ முழங்கை நிமிராதவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் வீசுவதை நான் எறிதல் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சட்டையைச் சுருட்டிக் காட்டுங்கள். எல்லோரும் பார்த்துவிடட்டும், இந்தப் பேச்சு இன்றோடு முடிந்துவிடும்."

எவ்வளவு நல்ல மனிதர்! எனக்கு உதவி செய்கிறேன் என்று என் கழுத்துக்குக் கயிறு போட்டார். டாக்டர் நாயர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் கீப்பர் ரஹீம் என் பின்னால் நின்றான். எனக்கு நேரே நின்று இத்தனை வருஷம் பந்து பிடித்தவன் அவன். அவனிடம் நான் சொன்னதில்லை, ஆனாலும் அவனுக்குத் தெரியும்.

"காட்டுடா மாணிக்கம்," என்று காதில் சொன்னான். "சட்டையத் தூக்கிக் காட்டிட்டுப் போ லா. எதுக்கு நிக்கிற?"

கனகசபை சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அப்படி ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "என் கை நல்லாத்தான் இருக்கு."

"சட்டையைச் சுருட்டிக் காட்டுகிறீர்களா?" என்றார் பெரேரா.

"வேணாம் சார். கை நல்லா இருக்கு."

பெரேரா தலையை ஆட்டினார். "சரி. அப்படியானால் நான் கண்ணில் படுவதை வைத்துத்தான் சொல்ல முடியும்."

நான் ஓடிவரும் தூரத்தை அடியால் அளந்து குறி போட்டேன். சார் கைக்குட்டையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தார். முதல் பந்து போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது பந்து கையை விட்டுப் போகும்போதே பக்கவாட்டில் நின்ற பெரேராவின் குரல் கேட்டது. "நோ-பால்!" திடல் முழுவதும் ஓவென்று சத்தம் எழுந்தது. அடுத்த பந்துக்கும் அதே குரல். அதற்கடுத்ததற்கும். "எறியிறான், எறியிறான்" என்று வேலியோரம் நின்றவர்கள் கத்தினார்கள். எங்கள் பட்டறை ஆட்களே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ரஹீம் கையுறையைத் தரையில் விட்டெறிந்தான்.

சார் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. உள்ளங்கையை நீட்டினார், நான் பந்தை அதில் வைத்தேன். அவர் அதைக் கால்சட்டையில் துடைத்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அன்றைக்குத் தோற்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது எதிரணிக் கேப்டன் சாரிடம் வந்து, "பொறுப்பு என்று சொன்னீர்களே, மிஸ்டர் கனகசபை" என்றான். சார், "ஓம், சொன்னனான்" என்று மட்டும் பதில் சொன்னார். நான் ஆணிகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஆணி குத்திவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முழுதும் அடுத்த பயம். சிபாரிசை அவர் திருப்பி வாங்கிக்கொண்டால்? அவர் வாக்கைக் காற்றில் பறக்கவிட்டவனுக்கு எதற்குச் சிபாரிசு? மத்தியானம் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே, "வேலை வேறை, விளையாட்டு வேறை. நாளைக்கு நேரத்துக்குப் போம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவரிடமும் கையை மேலே தூக்கு, முன்னால் நீட்டு, விரலை மடக்கு என்று டாக்டர் சொல்வது கதவுக்கு மேலே இருந்த திறப்பு வழியாகக் கேட்டது. எல்லோருக்கும் அதே மூன்று கட்டளை. பேரைக் கெடுத்துக்கொண்டாயிற்று, இப்போது இதிலும் தோற்றால் சரோஜா முகத்தில் எப்படி விழிப்பது? ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் நாயர் கண் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "ஏன் இப்படிப் படபடன்னு அடிக்குது?" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீதானே அந்த ஃபாஸ்ட் பவுலர்?"

"ஆமா சார்."

"சனிக்கிழமை நான் பார்த்தேன். பெரேரா சரியாத்தான் சொன்னான். நல்லா எறியிற நீ!" என்று சிரித்தார். சட்டையைக் கழற்று, கையை நீட்டு என்று இப்போது சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்தார். "அந்த மாதிரி எறியணும்னா கை இரும்பு மாதிரி இருக்கணும். உனக்கு என்னத்தைச் சோதிக்கிறது? போ, போ." எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பொய்ப் பழி என் விளையாட்டைத் தின்றதோ அதுவே எனக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சரோஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அன்று நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நாள் பட்டறையில் யாரோ "எறிகாரா" என்று கூப்பிட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது.

குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகசபை சார் வீட்டுக்குப் போனேன். இனியும் என்னால் தாங்க முடியவில்லை. கூடத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டி, கையை அவர் முன்னால் வைத்தேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் மணிக்கட்டையும் மேல்கையையும் பிடித்து மெதுவாக நிமிர்த்திப் பார்த்தார். நிமிரவில்லை. இன்னொருமுறை பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"சின்ன வயசுலேர்ந்து சார்."

"அப்ப நீர் எறியேல்லை."

"இல்ல சார். ஒரு நாளும் எறியல."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தான் கொடுத்த வாக்கு பொய்யில்லை என்று தெரிந்த வெளிச்சம். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேவிட்டார், பெரேரா வீட்டுக்கு அப்போதே போய்ச் சொல்லப் போகிறவர் போல. பிறகு அப்படியே உட்கார்ந்தார். நான் சொல்லுமுன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கையை யாரிடம் காட்டினாலும் டாக்டர் எழுதியது தப்பு என்று ஆகும். என் வேலை போகும், வீடு போகும்.

"இதை ஏன் காணும் இப்ப கொண்டுவந்து காட்டுறீர்?" என்றார். குரல் உடைந்திருந்தது. "தெரியாமல் இருந்திருந்தால் நான் ஏமாந்தவன் எண்டு மட்டும் இருந்திருப்பன். இப்ப நான் என்ன செய்யிறது?"

நான் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கும்போது, இன்னும் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். பட்டறையில் தேநீர் விருந்து வைத்தோம். கேக், கறிபஃப், மாலை எல்லாம் இருந்தது. புதிதாக வந்த சூப்பிரண்டெண்டண்ட் பேசினார். கனகசபையைப் போல ஒரு நேர்மையான மனிதரைப் பார்க்க முடியாது, அவர் வாயிலிருந்து பொய் வந்து யாரும் கேட்டதில்லை என்று புகழ்ந்தார். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "ஆனா ஒரு எறிகாரனுக்கு மட்டும் கேரண்டி குடுத்தார் சார்!" என்று கத்தினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முதுகிலும் இரண்டு பேர் தட்டினார்கள். டாக்டர் நாயரும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்லக் கனகசபை சார் எழுந்தார். கழுத்தில் மாலை. சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்தினார். நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். இன்றோடு இவருக்கு இந்த இடத்தில் வேலை இல்லை. இனி யாருக்கும் அவர் பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், போகும்போது தன் பேரைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"ஓம்," என்றார். "அந்த ஒரு விஷயத்திலை நான் ஏமாந்துதான் போனன். அவன் எறிகாரன்தான்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். யாராவது என் முகத்தைப் பார்த்துவிடப்போகிறார்களே என்று, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.